ஒலி இருப்பும் ஒலி மாற்றமும்: தொல்மொழி மீட்டுருவாக்கத்தில் வகைப்பாட்டியலின் எல்லை

தொல்மொழியைக் குறித்து ஒப்பியல் இருவகை வினாக்களை எழுப்புகிறது. எத்தனை ஒலியன்கள் தம்முள் வேறுபட்டு நின்றன என்பது ஒன்று. அவை எவ்வாறு ஒலிக்கப்பட்டன என்பது மற்றொன்று. முன்னதற்கு இனமொழிகளிடையே காணும் ஒலி ஒப்புமைகளே சான்று. பின்னதற்கே ஒலி வகைப்பாட்டியல் துணையாகிறது. அத்துணையின் வலிமை எல்லா இடத்தும் ஒன்றன்று.

தொல் இந்தோ-ஐரோப்பியத்திற்கு ஒலிப்பிலா, ஒலிப்புடை, ஒலிப்புடை மூச்சொலி என மூன்று வெடிப்பொலி வரிசைகளை மரபு கொள்கிறது. நான்காவதாக முன்னர்க் கொள்ளப்பட்ட ஒலிப்பிலா மூச்சொலி வரிசை, வெடிப்பொலியும் குரல்வளை மெய்யும் சேர்ந்ததன் விளைவாக விளக்கப்பட்டு நீக்கப்பட்டது. எஞ்சிய அமைப்புக்கு ஒத்த மொழி அறியப்படவில்லை என ரோமன் யாக்கப்சன் 1957இல் ஓஸ்லோ மாநாட்டில் சுட்டினார். 1973இல் கம்கிரலிட்சேயும் இவானோவும் கூட்டாகவும், ஹாப்பர் தனியாகவும் ஒலிப்புடை வரிசையைக் குரல்நாண்களை மூடி ஒலிக்கும் வெளித்தள்ளொலிகளாகக் கொண்டனர். ஒலிப்புடை இதழொலி மிக அரிதாயிருப்பதும், ஒரே வேரில் இவ்வரிசையின் இரு மெய்கள் வாராமையும் இதனால் விளக்கம் பெறுகின்றன. இது புறக்கணிக்கத்தக்க ஆதாயம் அன்று.

எனினும் யாக்கப்சனின் வாதம் ஒலி இருப்பைப் பற்றியது. ஓர் எதிர்ச்சான்று கிடைத்தால் அது தளரும். போர்னியோவின் கெலாபித் மொழியில் ஒலிப்புடன் தொடங்கி மூச்சுடன் முடியும் வெடிப்பொலிகள் உள்ளன. ஒலிப்பிலா மூச்சொலி வரிசை இல்லை. மறுபுறம், புதிய கோட்பாட்டின்படி இந்தோ-ஈரானியம், கிரேக்கம், இத்தாலியம், கெல்தியம், பால்டோ-சிலாவியம் ஆகியவற்றில் வெளித்தள்ளொலி ஒலிப்புடையதாக மாறியிருத்தல் வேண்டும். அம்மாற்றம் இயலாததன்று; ஆயினும் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததாகக் கொள்வது பெருஞ்சுமை.

அல்கோன்கியன் ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 1925இல் லெனார்டு புளூம்ஃபீல்ட், ஃபாக்ஸ், ஒஜிப்வா, கிரீ, மெனோமினி ஆகியவற்றை ஒப்பிட்டு, ‘சிவப்பு’ எனப் பொருள்படும் வேரில் தனித்த மெய்ம்மயக்கம் ஒன்றை மீட்டுருவாக்கினார். அதற்கிட்ட குறியீடு ஒலிப்பைக் குறித்ததன்று. வேறுபாட்டை மட்டுமே குறித்தது. பின்னர் மானிட்டோபாவின் சதுப்புநிலக் கிரீயில் அவ்விடத்தில் வேறொரு மெய்ம்மயக்கம் காணப்பட்டதை 1928இல் அவர் வெளியிட்டார். அவரது முடிவை உறுதிசெய்தது வகைப்பாட்டியல் அன்று, கிளைமொழிச் சான்றே.

அவர் பல்லிடை உரசொலிக் குறியால் எழுதிய மெய் இதனின் வேறானது. அது கிரீயில் வல்லொலியாகவும் அரபாகோவில் பல்லிடை உரசொலியாகவும் நிற்கிறது. ஒஜிப்வா, ஃபாக்ஸ், டெலவேர் போன்றவற்றில் தொல் லகரத்தோடு ஒன்றிவிட்டது. அதனை மருங்குரசொலியாகக் கொள்ளும் கருத்தை 1984இல் மார்க் பிக்கார்ட் ஒலி இயல்பு நோக்கில் ஆராய்ந்தார். இங்கு வாதம் ஒலி இருப்பைப் பற்றியதன்று. லகரத்தோடு ஒன்றும் மாற்றத்தின் இயல்பைப் பற்றியது. எவ்விடை ஏற்கப்படினும் ஒப்புமைத் தொகுதி மாறாது. இந்தோ-ஐரோப்பியத்திலும் மூன்று வரிசைகள் மூன்றாகவே நிற்கும்.

ஆகவே, உலக மொழிகளில் ஓர் அமைப்பு காணப்படவில்லை என்பது எச்சரிக்கையே, மறுப்பன்று. தொல்லொலியிலிருந்து ஒவ்வொரு கிளைமொழி வடிவமும் இயல்பான மாற்றங்களால் பிறக்குமா என்ற வினாவே கூடுதல் வலிமை உடையது. உடுக்குறியிட்டு எழுதும் வடிவங்களை ஆளும் ஆய்வாளர், அக்குறி வேறுபாட்டைச் சுட்டுகிறதா, ஒலிப்பைச் சுட்டுகிறதா என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும்.