போட்டி முடிந்த மறுநாள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் எழுத வருகிற ஒருவரின் முதல் சிறுகதை பெரும்பாலும் ஏதாவது ஒரு போட்டிக்காக எழுதப்பட்டதாக இருக்கும். இங்கே மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து நடத்திவரும் பேரவைக் கதைகள் போட்டி. பாலத்துக்கு அந்தப் பக்கம் 1993இல் தொடங்கிய, ஈராண்டுக்கு ஒருமுறை வரும் தங்கமுனை விருது. இவை போக இயக்கங்களும் நாளிதழ்களும் நடத்துபவை. இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால் நம்மில் பலர் முதல் கதையை முடித்தே இருக்க மாட்டோம். எனக்குள்ள கேள்வி அதற்குப் பிறகுதான். முடிவு அறிவித்து, காசோலை வாங்கி, படத்தை முகநூலில் போட்ட மறுநாள் அந்த எழுத்தாளர் என்ன செய்கிறார்?

நான் பார்த்தவரை, அடுத்த போட்டிக்குக் காத்திருக்கிறார். காத்திருக்கும் காலத்தில் எழுதுவதில்லை. கேட்டால், "டைம் இல்ல லா", "மூட் வரலண்ணே" என்று பதில் வருகிறது. நேரம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். இரண்டு வேலை பார்ப்பவர்களையும், ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் இறுதி நாள் நெருங்கும்போது அதே ஆட்களுக்கு அதே வாரத்தில் எப்படியோ நேரமும் மூடும் வந்துவிடுகின்றன. அப்படியானால் குறைவது நேரம் மட்டும் இல்லை. நம் கதைக்காக யாரும் காத்திருக்கவில்லை என்ற எண்ணமே கையைக் கட்டிப்போடுகிறது.

இப்படிப் போட்டிக்குப் போட்டி எழுதுவதன் விளைவு கதைகளில் தெரிகிறது. தோட்டத்து நினைவு, முதியோர் இல்லம், கடைசி வரியில் ஒரு திருப்பம் என்று பரிசுக் கதைக்கு ஒரு செய்முறையே உருவாகிவிட்டது. நடுவர் நாலு பேரின் ரசனையை ஊகித்து எழுதுகிறவருக்குத் தன் சொந்தக் கேள்வி என்ன என்று கண்டுபிடிக்க வாய்ப்பே அமைவதில்லை. அதைக் கண்டுபிடிக்க நிறைய எழுதிப் பார்க்க வேண்டும், அதில் பாதியைத் தூக்கிப் போடவும் வேண்டும்.

தொடர்ந்து எழுதுவது என்றதும் நம் இளைஞர்கள் உடனே வெண்முரசைச் சொல்வார்கள். 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று 2020 வரை, 26 நாவல்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இன்றைக்கே பேனாவை மூடிவிடலாம். மலையைப் பார்த்து மலைப்பதைவிடப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டைப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூரின் பி. கிருஷ்ணன், புதுமைதாசன் என்ற பெயரில் எழுதியவர், வானொலியில் வேலை பார்த்தார். 1969, 70இல் அவர் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ நாடகம் 52 பகுதிகளாக ஒலிபரப்பானது. கம்பத்திலிருந்து மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் அன்றாடத்தை அவர் சிரிக்கச் சிரிக்க எழுதினார். அந்த 52 பகுதிகளும் இலக்கியமாகத் தேறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மூடுக்கு இடம் இல்லை. அடுத்த பகுதிக்கு வானொலிப்பெட்டி முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வீட்டுப் பேச்சைத் தாங்களே கேட்கும் வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது அந்த எழுத்து. அந்தக் கால அடுக்குமாடி வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

சரி, அப்ப வாரா வாரம் எழுதினால் போதுமா? போதாது. ஞாயிறு பதிப்புகளில் வருடக்கணக்கில் ஓயாமல் எழுதியும் ஒரு வரிகூட நம் நினைவில் நிற்காதவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கு கையைப் பழக்கும், அவ்வளவுதான். எதற்கு எழுதுகிறோம் என்பது வேறு விஷயம்.

இதற்கு நான் எப்போதும் சுட்டுவது அ. ரெங்கசாமியை. 1930இல் பிறந்த ஆசிரியர். அவருடைய முக்கிய நாவல்கள் பெரும்பாலும் பணி ஓய்வுக்குப் பிறகு வந்தவை. ஜப்பானியர் ஆட்சிக்குப் ‘புதியதோர் உலகம்’, சயாம் மரண ரயிலுக்கு ‘நினைவுச் சின்னம்’, அவசரகாலத்துக்கு ‘லங்காட் நதிக்கரை’, இந்திய தேசிய ராணுவத்துக்கு ‘இமையத் தியாகம்’. பெயர்களை வரிசையாக வைத்தாலே அவர் என்ன செய்ய நினைத்தார் என்பது புரியும். தோட்டத்துத் தமிழனின் இருபதாம் நூற்றாண்டை ஒரு காலகட்டமும் விடாமல் எழுதி வைத்துவிட வேண்டும். சயாமில் 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் நம்மவர்கள். உலகம் பார்த்த சினிமாவில் அவர்களுக்கு முகம் இல்லை. கலை ரீதியாக அவர்மீது எனக்கு விமர்சனம் உண்டு. தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடும் இடங்கள் இருக்கின்றன, மொழியும் சில இடங்களில் தட்டையாகிறது. இருந்தும் நம் நாவல் வரலாற்றைப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ‘இதை நான் எழுதாவிட்டால் இது இல்லாமல் போய்விடும்’ என்று நினைத்தவரின் எழுத்து அது. நான் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான். ‘நான் நன்றாக எழுதுகிறேன்’ என்ற தன்னம்பிக்கை ஒரு மோசமான விமர்சனத்தில் உடைந்துவிடும். எழுதும் பொருள்மீது உள்ள நம்பிக்கை அவ்வளவு லேசில் உடையாது.

ஆனாலும் தனி ஆளாக இந்த நம்பிக்கையை நெடுநாள் தாங்குவது கஷ்டம். நம் முன்னோருக்கு அது தெரிந்திருக்கிறது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். நாளிதழிலேயே பாடம் சொல்லி, வந்த எழுத்துகளை மதிப்பிட்டார்கள். பிறகு அதே நாளிதழில் வேலை பார்க்க வந்த கு. அழகிரிசாமி, 1957இல் நாடு திரும்புவதற்கு முன் கோலாலம்பூரில் இலக்கிய வட்டத்தைக் கூட்டினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1977இல் இலக்கியக் களத்தைத் தொடங்கி, அங்கே வெளிவந்த சிறுகதைகளை எடுத்து வைத்துப் பேச வைத்தார். மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு. எழுதினால் ஒருவர் கவனமாகப் படிப்பார், படித்ததை முகத்துக்கு நேராகச் சொல்வார் என்ற உறுதி. பொன்னாடை போர்த்தி ‘அருமை, தொடர்க’ என்று அனுப்பிவைக்கும் நம் இன்றைய வெளியீட்டு விழாக்கள் கொடுக்காதது அதுதான்.

அதனால் இதைப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நாலைந்து பேர் சேருங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மாமாக் கடை மேசை போதும். ஆளுக்கு ஒரு கதை, முடியாவிட்டால் நாலு பக்கம், கண்டிப்பாக. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே தடை. இப்படி நடந்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு. அதில் ஒன்பதைக் கிழித்துப் போட்டாலும் மூன்று மிஞ்சும். விருப்பப்பட்டால் அதில் ஒன்றைப் போட்டிக்கும் அனுப்புங்கள். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த சனிக்கிழமைக்கு நீங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டிய நாலு பக்கம் பாக்கி இருக்கும்.