பரோட்டாவை விட்டால் போதுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் இடம் பிடிப்பது லேசல்ல. நாட்டுக்கோழி, காடை, சால்னா என்று தேடி வருகிற கூட்டத்தில் இப்போது புதிதாக ஒருவரையும் பார்க்கலாம். "பரோட்டா வேண்டாம்ணே, கோழி மட்டும் வைங்க. டயட்ல இருக்கேன்" என்பார்.

அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மைதாவையும் இனிப்பையும் நிறுத்தினால் சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரை குறையும். புரதம் பசியைத் தாங்கும், எடையும் இறங்கும். ஈரலிலுள்ள இரும்புச்சத்தைக் கீரையிலுள்ளதைவிட உடல் எளிதாக ஏற்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கும் நிலையில், கறியே கெடுதல் என்று சொல்வது பெரும் பிழை.

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை என்றால் கறி மட்டும்தான் என்பது அடுத்த பிழை. தமிழில் அம்முறையைப் பரப்பிய நியாண்டர் செல்வனின் பட்டியலில் பாதாமும் காய்கறியும் உண்டு. சைவர்களுக்கும் அதில் வழி உண்டு.

'கொழுப்பில்லாத கறிதான் நல்லது' என்ற நம்பிக்கைக்கு 1928-லேயே பதில் கிடைத்துவிட்டது. வடதுருவப் பயணி ஸ்டெஃபான்சனும் அவருடைய தோழர் ஆண்டர்சனும் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்பில் ஓராண்டு இறைச்சி மட்டுமே உண்டனர். வெறும் சதைக்கறியைத் தின்ற ஸ்டெஃபான்சன் சில நாட்களிலேயே வயிற்றுப்போக்கில் விழுந்தார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். ஆண்டு முடிவில் இருவருக்கும், வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை. இதைத்தான் கறி டயட்காரர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் சோதனைக்கு உட்பட்டவர்கள் இரண்டே பேர். பத்து, இருபது ஆண்டு இப்படியே உண்டால் என்னாகும் என்று காட்டும் முறையான சோதனை இன்றுவரை இல்லை. ஸ்டெஃபான்சன் வியந்த, வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களும் ஈரல், தோல், பச்சை மீன் என்று பலவற்றையும் உண்டவர்கள். பொரித்த பிராய்லர் நெஞ்சுக்கறியில் வைட்டமின் சி அனேகமாக இல்லை. நார்ச்சத்து அறவே இல்லை.

புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நலமான சிறுநீரகத்துக்குப் பொருந்தாது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குப் பொருந்தும். நெடுநாள் சர்க்கரை உள்ள பலருக்குத் தம் சிறுநீரகத்தின் நிலையே தெரியாது என்பதுதான் சிக்கல். மூட்டில் யூரிக் அமிலத் தொல்லை உள்ளவருக்கு இந்த உணவு வலியைக் கூட்டலாம். சிலருக்குக் கெட்ட கொழுப்பும் கணிசமாக ஏறுகிறது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை நிறுத்தினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழவும் கூடும்.

எடை குறைந்ததற்கான பெருமையை நாம் கோழிக்குக் கொடுக்கிறோம். அதில் பெரும்பங்கு, தட்டிலிருந்து நீங்கிய மைதாவுக்கும் சர்க்கரைக்கும் உரியது. அந்தப் பலனைப் பெறக் காய்கறியையும் சேர்த்துத் துரத்த வேண்டியதில்லை. பரோட்டாவை விட்டது சரி. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டிவிட்டு, கோழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கீரையும் வைத்துக்கொள்ளுங்கள்.