தாழ்வு மனப்பான்மை

தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். தூரத்து உறவு. எனக்கு மருமகன் முறை.

"மாமா, அப்பாவோட பிக்கப்பை இறக்கப் போறேன்."

"என்ன லோடு?" என்றேன்.

"லோடு இல்ல மாமா. வண்டியவே இறக்கப் போறேன்."

விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரஸ்புரத்திலிருந்து மீன் பெட்டி சுமந்த வண்டி. அப்பாவுக்கு முட்டி வலி வந்ததும் வேப்ப மரத்தடியில் ஓய்வெடுக்க ஆரம்பித்தது. பையன் கையில் ஒரு செல்போன். அதில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரையை முத்தமிடுகிற மாதிரி தாழ்ந்து போகும் பழைய பிக்கப்புகளின் வீடியோ. 'நம்ம வண்டியும் இப்படி இருந்தா?' என்று தோன்றிவிட்டது. அப்பாவிடம் சொன்னான். அவர் மூன்று நாளாகப் பேசவில்லை.

"நாலஞ்சு வழி இருக்காம். எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க" என்றான். சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஸ்பிரிங் பட்டைக்கு எழுதக் கூடாதா? எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்கலாம், படித்து வையுங்கள்.

முதலில், பிக்கப்பின் பின்புறம் ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது? அழகுணர்ச்சி இல்லாததால் அல்ல. அது லோடுக்காகக் காத்திருக்கிறது. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கியிருக்கிறார்கள். பாரம் ஏற ஏற வளைவு நிமிர்கிறது, வண்டி மட்டத்துக்கு வருகிறது. காலி பிக்கப் என்பது பந்திக்கு உட்கார்ந்து இலை போட்டும் சோறு வராத ஆள். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பார்.

உப்பும் மீனும் ஏற்றுகிற ஊரில், இன்னும் கொஞ்சம் தாங்கட்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதுதான் வழக்கமான கோரிக்கை. நம்ம பையன் தலைகீழாகப் போகிறான். அதற்காகத் திட்ட வேண்டியதில்லை. இந்த ரசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் கார்களைத் தாழ்த்தி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் வரக்கூடாது என்று 1958-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் வண்டி மேலே, போனால் கீழே! தாழ்ந்த வண்டிகள் மீதான அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 2023-ல்தான் கையெழுத்தானது. ஆக, தாழ்ந்து போவதிலும் ஒரு தலைநிமிர்வு உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஒன்று, பட்டையை உருவுவது. நாலு பட்டையில் ஒன்றைக் கழற்றிவிடு, தானே இறங்கும். செலவு ரொம்பக் குறைவு, அதுதான் இதன் ஒரே சிறப்பு. இறங்குவது கொஞ்சம்தான், இழக்கும் பலம் அதிகம். மீதிப் பட்டைகள் அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கும். உப்புக் காற்றில் இருபது வருஷம் இருந்த எஃகு அது. துருப் புள்ளிகள் இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும். தாய்ப் பட்டை முறிந்தால் வண்டி சாய்வதோடு முடியாது. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டைதான்.

இரண்டு, கேஸ் வைத்துச் சூடு காட்டி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது. பதினைந்து நிமிஷ வேலை. எஃகுக்குப் பதம் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் காய்ச்சி, குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கி அந்தப் பதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கண்மதிப்பில் காட்டும் தீ அதைக் கெடுத்துவிடும். இந்த வழிக்கு மார்க் பூஜ்யம். மைனஸ் போட அனுமதி இருந்தால் போடுவேன்.

மூன்று, நடுவில் இரும்புக் கட்டை கொடுப்பது. இதில் ஒரு வேடிக்கை. பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால்தான் கட்டை கொடுத்தால் வண்டி இறங்கும். பட்டை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வண்டியில் அதே கட்டையைக் கொடுத்தால் வண்டி ஏறிவிடும்! குனிந்து பார்க்காமல் கட்டை வாங்கக் கூடாது. நம்ம பையன் வண்டியில் பட்டை மேலே. ஆகவே இந்த வழி அடைபட்டது.

நான்கு, அச்சையே தூக்கிப் பட்டைக்கு மேலே வைப்பது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அச்சுக் குழாயின் கனம், பட்டைக் கட்டின் கனம் இரண்டும் சேர்ந்த அளவுக்கு ஒரே அடியில் இறங்கும். ஆனால் பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே வந்து சேஸிஸில் இடிக்கும். இடிக்காமலிருக்க சேஸிஸில் பிறை மாதிரி வெட்டி, வேறு தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். கடலோர வண்டியின் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில இடத்தில் 'டங்' என்று கேட்கும், சில இடத்தில் உதிரும். அதை வெட்டப் போகிறாயா?

ஐந்து, பட்டைகளைக் கழற்றி, ஒன்றைக்கூடக் குறைக்காமல், விவரமான ஸ்பிரிங் பட்டறையில் வளைவை மட்டும் தணித்து வாங்குவது. வளைவு தணிந்தால் பட்டையின் நீட்டம் கூடும், அதற்கு ஷாக்கிளில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை, இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெதுவான, விளம்பரமில்லாத வேலை. பாஸ் மார்க் இதற்குத்தான்.

வீடியோக்களில் யாரும் வாய் திறக்காத சமாசாரம் ஒன்று உண்டு, பிரேக். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தண்டும் வால்வும் இருக்கும். வண்டி தாழ்ந்திருந்தால் 'லோடு இருக்கிறது' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் அனுப்பும். நீங்கள் அழகுக்காகத் தாழ்த்தியது பாவம் அதற்கு எப்படித் தெரியும்? காலி வண்டிக்கு லோடு வண்டியின் பிரேக். மழை பெய்த திருச்செந்தூர் ரோட்டில் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் போகும். தாழ்த்தினால் அந்த வால்வையும் புது உயரத்துக்குச் சரிசெய்தே ஆக வேண்டும். அதோடு ஷாக் அப்சார்பர், முன் சக்கர அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் என்று ஒரு பட்டியல். வண்டியில் எந்தப் பாகமும் தனி ஆள் இல்லை. கூட்டுக் குடும்பம்.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வந்தது. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வயசைத் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. வேறு. பட்டறைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடு என்றேன். பையன் உற்சாகம் ஓரங்குலம் இறங்கியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு ஒவ்வொரு அங்குலமும் எண்ணப்பட்டது. பட்டையைத் தணித்தால் பின்னால் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலின் உயரம் மாறாது என்பது உண்மை, அதைத் தூக்கிப் பிடிப்பது டயர்தான். ஆனால் இன்ஜின் காற்று இழுக்கும் வாயும், டீசல் டேங்கும், சைலன்சரும் உடலோடு சேர்ந்து இறங்கும். அடுத்த மழை அளந்துகொண்டு வராது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் ஒரு வட்டமும் கோடும் வரைந்திருக்கும். அதற்கு மேல் மூழ்கக் கூடாது. சாமுவேல் பிளிம்சால் என்ற ஆங்கிலேயர் நாடாளுமன்றத்தில் சண்டை போட்டதால் 1876-ல் இங்கிலாந்தில் சட்டமான கோடு அது. கப்பலுக்குத் தாழ்வது என்பது சரக்கின் கௌரவம். சரக்கில்லாமல் தாழ்ந்தால் அதற்கு வேறு பெயர்!

இந்தக் கடலில் 1961-ல்தான் கடைசியாக முத்துக்குளித்தார்கள். குளியாளர் கனமான கல்லின் துணையில் சரசரவென்று அடியில் இறங்குவார். இறங்கக் கல் போதும். ஏறுவதற்கு மேலே நம்பிக்கையான ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும். அது மச்சானாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள். தங்கை தாலி சம்பந்தப்பட்ட விஷயம், கயிற்றை விட மாட்டார். பட்டறைக்காரரையும் அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடு என்றேன்.

கடைசியாக ஒரு யோசனை சொன்னேன், காசில்லாதது. "எட்டு மூட்டை உப்பு கடன் வாங்கிப் பின்னால் ஏத்து. நானூறு கிலோ. வண்டி தானா இறங்கும். எதிர் வாடையில நின்னு பாரு. ஒரு நாள் ஓட்டியும் பாரு. அப்புறம் முடிவு பண்ணு."

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"ஏத்தினேன் மாமா. சூப்பரா இருக்கு."

"அப்பா?"

"மூட்டை ஏத்துற சத்தம் கேட்டு எந்திரிச்சு வெளிய வந்தாரு. வண்டியச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு பட்டையத் தொட்டுப் பார்த்தாரு. அப்புறம் பேசிட்டாரு மாமா."

"என்ன சொன்னார்?"

"'இன்னும் நாலு மூடை தாங்கும்லே' ன்னாரு."