பெற்றோருக்குத் தெரிந்த ஆறு

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விளையாட விட்டுவிட்டு வேலைக்குப் போவது மலையகத்தில் யாரும் யோசித்து எடுத்த முடிவில்லை. காலையில் பிரட்டுக்குப் போன தாய் பின்னேரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை, பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு லயத்து வாசலும் அதற்கப்பால் மலையும் ஓடையும்தான் துணை. கண்டி நகருக்குள் இதுவே வேறு மாதிரி நடக்கிறது. மஹியாவையிலோ கட்டுக்கலையிலோ பெற்றோர் கடையிலும் கந்தோரிலும் இருப்பார்கள். பள்ளிக்கும் டியூஷனுக்கும் இடையில் கிடைக்கிற ஒரு மணி நேரம் பிள்ளையின் சொந்த நேரம். அந்த நேரத்தில் என்ன நடக்கிறதென்று பெற்றோருக்கு எவ்வளவு தெரியும்? இந்த வழக்கத்தைச் சுதந்திரம் என்று புகழ்கிறவர்களும் பொறுப்பில்லாத்தனம் என்று ஏசுகிறவர்களும் இந்தக் கேள்வியைத் தொடாமலே போய்விடுகிறார்கள். பிள்ளை என்ன விளையாடுகிறான் என்பதைவிட, எந்த இடத்தில் விளையாடுகிறான், அந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கேதான் நம் அறிவு மிகவும் பழையதாக இருக்கிறது.

முதலில் இந்த வழக்கத்தின் பலத்தைச் சொல்ல வேண்டும். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் மழைவிட்ட பின்னேரங்களில் பாக்கு மட்டைச் சறுக்கு நடக்கும். காய்ந்து விழுந்த மட்டையின் அகன்ற பகுதியில் உட்கார்ந்து, காம்பைக் கால்களுக்கிடையே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் மலையிறங்குவார்கள். குதிகாலை மண்ணில் ஊன்றினால் வேகம் குறையும். ஒரு காலை மட்டும் ஊன்றினால் மட்டை திரும்பும். கீழே சரிவுக்குக் குறுக்கே கல் பதித்த கான் ஓடுகிறது. கானுக்கு முன்னால் ஒரு சவுக்கு மரம். அந்த மரத்தைத் தாண்டுவதற்குள் மட்டையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி மலையிலிருந்துதான் தொடக்கம். உருளத் தெரிந்த பிறகுதான் உச்சிக்கு விடுவார்கள். இந்தச் சட்டத்தை எந்தப் பெரியவரும் போடவில்லை. காற்சட்டையின் பின்புறம் தேய்ந்து ஓட்டை விழும்போதுதான் அம்மாவுக்கே விஷயம் எட்டுகிறது.

நோர்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல் இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றுக்கு அருகில் ஆடுவது, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்து போவது. ஆறுமே கண்டியில் உண்டு. ஜம்பு மரத்து உச்சிக் கொப்பு, இறக்கத்தில் விடும் பெயரிங் வண்டி, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, மகாவலி, புழுதி பறக்கும் சண்டை, உடவத்தகலைக் காட்டில் பாதையை விட்டு விலகிப் போவது. பிள்ளை பயத்தைச் சிறிது சிறிதாகத் தின்று பழகுவதற்கு இவை வழி என்பது சாண்ட்செட்டரின் வாதம். கனடாவின் மரியானா புருசோனியும் சகாக்களும் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, துணிச்சலான வெளி விளையாட்டு உடல்நலத்துக்கு மொத்தத்தில் நல்லதே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இவற்றை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், ஒன்பது வயதுக்குள் உயரத்திலிருந்து விழுந்து காயப்பட்டவர்களிடம் பதினெட்டு வயதில் உயரப் பயம் குறைவாக இருந்தது தெரிந்தது. விழுந்தால் பயம் தெளியும் என்று இதைச் சொல்லித் திரிகிறவர்கள் பலர். தலைகீழாகவும் இதைப் படிக்கலாம்: பிறப்பிலேயே பயம் குறைந்த பிள்ளைதான் அதிகம் ஏறுகிறது, அதிகம் விழுகிறது, வளர்ந்த பிறகும் பயமில்லாமல் இருக்கிறது. அப்படியானால் விழுந்தது ஒன்றையும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதியுள்ள நாடுகளில் நடந்தவை. விழுகிற இடத்தில் மெத்தென்ற தரை, கூப்பிட்ட தூரத்தில் ஆஸ்பத்திரி. தெல்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு லயத்தில் இரவு ஏழு மணிக்குப் பிள்ளையின் கை முறிந்தால் முதலில் வாகனம் தேட வேண்டும்.

ஆனாலும் கனேடியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள ஒரு வேறுபாடு நமக்கு மிகவும் பயன்படும். பிள்ளை தானே பார்த்து எடைபோடக்கூடிய சவால் ஒன்று. பிள்ளையின் அறிவுக்கு எட்டாத ஆபத்து இன்னொன்று. மரத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கால் தானாகத் தயங்குகிறது. உளுத்துப்போன கொப்பு பட்டைக்குள் மறைந்திருக்கிறது. முதலாவதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது பெரியவர் வேலை. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைமாறி நடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மரத்துக்காகக் கத்துகிறோம். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மகாவலியை எடுத்துக்கொள்வோம். கம்பளை, கெலிஓயா, பேராதனை, கெட்டம்பே என்று ஆற்றோரம் வளர்ந்த ஆண்களுக்கு ஆறு மனப்பாடம். எந்தப் பாறையிலிருந்து குதிக்கலாம், எங்கே கழுத்தளவு, எங்கே இழுவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த மனப்பாடம் ஒவ்வொரு தலைமுறையிலும் பொய்த்திருக்கிறது. தாத்தாமார் குளித்த ஆறு 1976இல் மாறியது: பொல்கொல்லையில் அணை கட்டி, நீரைச் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள், அணைக்கு மேற்புறம் நீர் தேங்கி ஆழமானது. 1985இல் கொத்மலை அணை வந்தது. அங்கே மின்சாரம் எடுத்து முடித்த நீர் கம்பளைக்கு மேலே வந்து மகாவலியில் விழுகிறது. மின்சாரம் எப்போது தேவையோ அப்போது இயந்திரம் ஓடும். ஆற்றில் நீர் ஏறும். வானம் வெளித்திருக்கும், மலையில் ஒரு துளி மழை இருக்காது. மேகத்தைப் பார்த்து ஆற்றை அளக்கிற பழைய பாடம் அங்கே செல்லாது.

அப்பாமார் குளித்த ஆற்றை மாற்றியது மணல். வீடு கட்டுகிற வேகத்தில் ஆற்றின் அடியைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். கலங்கிய நீரில் குழியின் விளிம்பு தெரியாது. முழங்காலளவில் நடந்து போகிறவன் அடுத்த அடி வைத்ததும் மணல் சரிந்து காலடியிலிருந்து நழுவும். திரும்பிப் பிடிக்க நினைத்தாலும் பிடிமானம் இருக்காது. நீந்தத் தெரியாதவனுக்கு அது போதும். பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை. நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைகள் சரிந்தன, கரைகள் அரித்துப்போயின. அதற்கு முன்பு அறிந்த ஆற்றடியை இன்று யாரும் நம்பக் கூடாது. ஆனால் "நாங்கள் குளிக்காத ஆறா?" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்புகிற தகப்பன் இன்னமும் இருக்கிறார். அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். பிள்ளைமேல் பாசமுள்ள அந்த மனிதர் இப்போது இல்லாத ஓர் ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகளுக்குப் பெற்றோரைவிட நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தார், பெரிய செட்டு. பதினாலு பதினைந்து வயது அண்ணன்மாரும் அக்காமாரும் சின்னவர்களை இழுத்துக்கொண்டு திரிவார்கள். சவுக்கு மரச் சட்டம் போன்றவை அவர்கள் வழியாகத்தான் கைமாறி வந்தன. இந்த ஏற்பாட்டை நான் அளவுக்கு மீறி உயர்த்திப் பேசமாட்டேன். பெரிய செட்டுதான் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிச் சின்னவனைப் பாறையிலிருந்து குதிக்கவும் வைக்கிறது. ஒருவன் நீரில் தாழும்போது, அவனைப் பிடிக்கப் பாய்ந்த அண்ணனும் சேர்ந்து போகிற கொடுமை நம் செய்தித்தாள்களுக்குப் புதிதில்லை. பாயாதே, கம்பை நீட்டு, வெறும் பிளாஸ்டிக் கேனை மூடி இறுக்கி எறி, கத்திக் கூப்பிடு என்ற நாலு வார்த்தையைப் பெரிய செட்டுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது அந்தச் செட்டும் கலைந்துகொண்டிருக்கிறது. மூத்த பிள்ளைகள் டியூஷனில் அல்லது போனில். பலர் பள்ளியை முடிக்கும் முன்பே கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆற்றங்கரையில் நிற்பவர்கள் ஒரே வயதுப் பையன்கள், ஒரே அளவு தெரியாதவர்கள்.

பெற்றோருக்கு விஷயம் எட்டாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை என்று நான் அதையே சொல்வேன். அடிபட்டு வருகிற பிள்ளையை அடிக்கிறோம். முழங்கால் சிராய்ப்போடு வருகிறவனுக்கு முதலில் மருந்து கிடைப்பதில்லை, பிரம்பு கிடைக்கிறது. இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது காயத்தை அவன் மறைப்பான். சிராய்ப்பை மறைத்தால் பரவாயில்லை. மரத்திலிருந்து தலை அடிபட விழுந்ததை மறைத்தால், இரவில் வாந்தி எடுக்கும்போது அம்மா சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தூங்க வைப்பாள். எல்லாவற்றையும்விடப் பயங்கரம் நாய்க்கடி. தெருநாய்க் குட்டியோடு விளையாடி ஒரு பல் பட்டிருக்கும், சின்னக் கீறல். உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி இலவசம், பிள்ளை தப்பும். மறைத்துவிட்டால், வாரங்கள் மாதங்கள் கழித்து விசர்நோயின் குறி தெரியும்போது எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிரம்புக்குப் பயந்து ஒரு கீறலை மறைத்த பிள்ளைக்கு இது நடக்கலாம் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. அடிபட்டு வந்தால் அடி இல்லை என்ற ஒற்றை விதி வீட்டில் இருந்தால், வேறெந்தக் கண்காணிப்பும் தராத தகவல் பெற்றோருக்குத் தானாக வந்து சேரும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோருக்குத் தெரிந்தது அதிகம். காரணம், அவர்களை விடுவதே குறைவு. பத்து வயதோடு மரம், பன்னிரண்டோடு ஆறு என்று ஒவ்வொன்றாக மூடப்படுகிறது. ஆனால் துணி துவைக்கவும் தம்பியைக் குளிப்பாட்டவும் அதே ஆற்றுக்கு அவளைத்தான் அனுப்புகிறோம். ஆற்றில் விளையாடி ஆழம் பழகாதவள், நனைந்து கனத்த பாவாடையோடு வழுக்குப் பாறையில் நிற்கிறாள். ஆபத்தான விளையாட்டைத் தடுத்தோம், ஆபத்தான வேலையைக் கொடுத்தோம்.

போனில் கண்காணிப்பது நகரத்துப் பெற்றோரின் வழி. பிள்ளை இருக்கும் இடம் புள்ளியாகத் தெரிகிறது, அத்தோடு நிம்மதி. புள்ளி கெட்டம்பேயில் இருக்கிறது என்றால் கோயிலிலா மைதானத்திலா ஆற்றுப் படியிலா என்று அது சொல்லாது.

வங்காளதேசத்தின் கிராமங்களில் இதே பிரச்சினையை வேறு விதமாக அணுகினார்கள். தாய்மார் வேலையில் இருக்கிற காலை வேளைகளில் சின்னஞ்சிறுசுகளை ஊரிலேயே ஒரு பெண் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' நிலையங்களை நடத்தினார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் தட்டி அமைத்து நீச்சல் கற்றுக் கொடுத்தார்கள். நீரில் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் இந்த இரண்டையுமே பரிந்துரைக்கிறது. இதில் முதல் பாதி மலையகத்துக்குப் புதிதே இல்லை. தோட்டங்களில் பிள்ளை மடுவம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, ஆயாம்மா இருக்கிறார். பள்ளி வயது வந்ததும் அந்தக் கவனிப்பு அறுந்துபோவதுதான் சிக்கல். இரண்டாவது பாதி நம்மிடம் கிட்டத்தட்ட இல்லை. நம் பிள்ளைகள் தீவில் பிறந்து ஆற்றோரம் வளர்ந்தாலும், கண்டியில் நீந்தக் கற்றுக்கொடுப்பவை நீச்சல் தடாகம் உள்ள ஒருசில பெரிய பள்ளிகள் மட்டுமே. தோட்டப் பிள்ளைக்கு அந்தப் படலைக்குள் இடமில்லை.

ஆற்றின் சில துறைகளில் 'இங்கே குளிப்பது ஆபத்து' என்று பலகை வைத்திருக்கிறார்கள். என்ன ஆபத்து என்று அதில் இருக்காது. காரணம் சொல்லாத தடையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சவாலாக எடுத்துக்கொள்ளும். 'கரையிலிருந்து பத்தடியில் மணற்குழி, மழையில்லாவிட்டாலும் நீர் திடீரென ஏறும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் அதே பிள்ளை அந்தப் பத்தடியை மனதில் குறித்துக்கொள்ளும். குழி எங்கே இருக்கிறதென்று அறிய நிபுணர் குழு தேவையில்லை. ஆற்றில் இறங்கி மணல் அள்ளியவர்களுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் தெரியும். ஏப்ரல் விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கிராம உத்தியோகத்தரும் நாலு தகப்பன்மாரும் பிள்ளைகளும் கரையோரமாக நடந்து, இங்கே இறங்கலாம், இங்கே கூடாது என்று சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டு வரலாம். பெரிய மழைக்குப் பிறகு மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.