சாக்கோவில் சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நீண்ட விடுமுறை கிடைத்தால் லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று போய்வருவது வழக்கம். அங்கிருந்து கிழக்கே ஒரு நாள் காரோட்டினால் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கில் சாக்கோ பள்ளத்தாக்கு வரும். போய்வந்தவர்களில் பாதிப் பேர், "இடிஞ்ச சுவருங்கதான், ஒரு மணி நேரத்துல பாத்து முடிச்சிடலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சாக்கோவில் சிலையும் ஓவியமும் வரிசைகட்டி நின்று நம்மை வரவேற்பதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனால் வெயில்தான் மிச்சம்.

இன்றைய பியூப்லோ பழங்குடிகளின் முன்னோர்கள் ஏறத்தாழ கி.பி. 850 முதல் 1150 வரை கட்டிய ஊர் இது. பள்ளத்தாக்கு நெடுகப் பத்துப் பன்னிரண்டு பெருமனைகள். அவற்றில் பெரியது பியூப்லோ பொனிட்டோ. அரைவட்ட வடிவம், 600-க்கும் மேற்பட்ட அறைகள், பின்பக்கம் நான்கு மாடி உயரம். இதைக் கட்டியவர்களிடம் இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, சுமை இழுக்க மாடோ குதிரையோ கிடையாது.

இந்தக் கணக்குகளைக் கேட்டு வாய்பிளப்பதை ரசனை என்று நான் சொல்லமாட்டேன். முதலில் ஒரே ஒரு சுவரிடம் போய் நில்லுங்கள்.

பியூப்லோ பொனிட்டோவின் பழைய பகுதியில் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் மண்சாந்தைத் தாராளமாக அப்பியிருப்பார்கள். சுவர் ஒரு கல் கனம்தான். அடுத்த நூற்றாண்டின் கொத்தனாருக்கு உயரம் போகவேண்டியிருந்தது. அதனால் நடுவில் கரடுமுரடான கல்லையும் மண்ணையும் கொட்டி, இருபுறமும் செதுக்கிய கல்லால் முகப்புக் கட்டினார். அடிச்சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம் போகும். மாடி ஏற ஏறக் கனம் குறையும். முகப்பை அருகில் போய்ப் பாருங்கள். பெரிய மணற்கல் ஒரு வரிசை. அதன் மேல் விரல்கனச் சில்லுகளை நெருக்கி அடுக்கிய நாலைந்து வரிசை. மறுபடி பெரிய கல். கோடு எங்கும் தடுமாறாது. இன்னும் நூறு ஆண்டு தாண்டினால் சில்லுகள் காணாமல் போய், கொத்தித் தேய்த்த கட்டிக்கற்கள் வந்துவிடும். கட்டுமானத்தை வைத்தே சுவரின் வயதைச் சொல்லலாம். 1920-களில் இங்கே அகழ்ந்த நீல் ஜட் இந்தப் பாணிகளை வகைபிரித்து வைத்துவிட்டார். அரைமணி நேரம் பழகினால் நமக்கும் பிடிபடும்.

இவ்வளவு நேர்த்தியாக அடுக்கிய கல்லின் மேல் அவர்கள் மண்ணைப் பூசி மறைத்தார்கள். நாம் இன்று படமெடுத்துத் தள்ளும் அந்தக் கல்வரிசை, கட்டி முடித்த நாளில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. மறையப்போவதற்கு ஏன் இத்தனை மெனக்கெட்டார்கள் என்று சுவர் முன் நின்று யோசித்துப் பாருங்கள். உறுதிக்காக என்றால் பாதி விடைதான் கிடைக்கும்.

அடுத்து சுவரில் வரிசையாகத் தெரியும் வட்டத் துளைகள். மாடித்தளத்தைத் தாங்கிய உத்திரங்கள் சொருகியிருந்த இடம் அது. சிலவற்றில் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அப்படி மரம் வளராது. கண்ணுக்கெட்டியவரை புதர்தான். இங்குள்ள பெருமனைகளுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வந்திருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாம் ஆள்சுமை. எங்கிருந்து வந்தன என்பதை மரத்தின் வளையங்களே காட்டிக்கொடுத்தன. 2015-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொடக்கத்தில் தெற்கே சூனி மலையிலிருந்தும், 1060 வாக்கில் பெரும்பகுதி மேற்கே சுஸ்கா மலையிலிருந்தும் மரம் வந்திருக்கிறது. இரண்டும் சுமார் 75 கிலோமீட்டருக்கு அப்பால்.

அந்த வளையங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் தொல்லியலாளர் அல்ல, ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர். சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு தேடி மரங்களின் வளையங்களை எண்ணத் தொடங்கியவர். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம். வறண்ட ஆண்டில் ஒடுங்கிப்போகும். உயிருள்ள மரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போன ஒரு வரிசையும், இடிபாடுகளின் உத்திரங்களில் கிடைத்த இன்னொரு வரிசையும் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. 1929-ல் அரிசோனாவின் ஷோ லோ ஊரில் எடுத்த ஒரு கருகிய கட்டை அந்த இடைவெளியை அடைத்தது. எழுத்தில்லாத மக்களின் கட்டடத்துக்கு அதன்பிறகு வருடத்தோடு தேதி சொல்ல முடிந்தது. எந்த அரும்பொருளையும்விட அந்தக் கரிக்கட்டைதான் எனக்குப் பெரிது.

இப்போது சுவருக்கு முதுகு காட்டித் திரும்பி நில்லுங்கள். சாக்கோ இனிமேல்தான்.

பியூப்லோ பொனிட்டோவின் முற்றத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் கிட்டத்தட்ட மிகச்சரியாக வடக்கு தெற்காக ஓடுகிறது. முன்சுவரின் மேற்குப் பாதி கிழக்கு மேற்காக. வடக்கு மேட்டின் மேல் இருக்கும் பியூப்லோ ஆல்ட்டோவும், தெற்கு மேட்டின் மேல் இருக்கும் சின் க்ளெட்சினும் ஒரே வடதென் கோட்டில் நிற்கின்றன. இடையில் முழுப் பள்ளத்தாக்கும் கிடக்கிறது. கட்டியவர்கள் கட்டடத்தை மட்டும் அளந்து கட்டவில்லை; நிலத்தையே அளந்திருக்கிறார்கள்.

தென்கிழக்கே தனித்து நிற்கும் ஃபஹாடா குன்றில், சாய்ந்து நிற்கும் மூன்று கற்பலகைகளுக்குப் பின்னால் ஒரு சுருள் செதுக்கியிருக்கிறது. கோடைத் திருப்ப நாளின் உச்சிவேளை நெருங்கும்போது குத்துவாள் போன்ற ஒளிக்கீற்று அந்தச் சுருளின் நடுவே இறங்கும். 1977-ல் ஆனா சோஃபேர் என்ற ஓவியர் இதைக் கவனித்தார். கூட்டம் ஏறியது, காலடி மண் கரைந்தது. 1989-ல் பார்த்தால் பலகை நகர்ந்திருந்தது. குன்றுக்கு இப்போது யாரையும் விடுவதில்லை. கீழிருந்து பார்த்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இத்தனை சுவரும் சன்னலும் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று சூரியனையோ சந்திரனையோ பார்த்துத்தான் இருக்கும். காசா ரிங்கொனாடா என்ற பெரிய வட்டக் கூடத்துக்குள் (கிவா என்பார்கள்) கோடைத் திருப்ப நாள் காலையில் ஒரு சன்னல் வழியே ஒளி வந்து மாடத்தில் விழும். அதைப் பார்க்க ஆட்கள் திரள்வதும் உண்டு. அந்தச் சன்னல் 1930-களில் சீரமைக்கப்பட்டது. கட்டிய காலத்தில் வெளியே ஒட்டியிருந்த அறையும், உள்ளே கூரையைத் தாங்கிய தூணும் அதே ஒளியை மறித்திருக்கக்கூடும். ஆகவே ஒளி விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். 'ஆயிரம் ஆண்டு முந்தைய அதிசயம்' என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கிவா என்பது தரைக்குள் இறங்கிய வட்டக் கூடம். சடங்குக்கும் கூடிப் பேசவும். காசா ரிங்கொனாடாவின் விட்டம் சுமார் 19 மீட்டர். கூரை போய்விட்டதால் நமக்கு அது வெறும் குழியாகத் தெரியும். உள்ளே இருட்டும் நடுவில் தீயும் சுற்றுத் திண்ணையில் ஆட்களுமாக அது எப்படி இருந்திருக்கும் என்று அறிய, வடக்கே ஆஸ்டெக் ரூயின்ஸுக்குப் போகவேண்டும். தொல்லியலாளர் ஏர்ல் மோரிஸ் 1930-களில் அங்கே ஒரு பெரிய கிவாவைக் கூரையோடு திரும்ப எழுப்பினார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆஸ்டெக்குகளுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை.

பிறகு தண்ணீர். ஆண்டு மழை சுமார் 22 சென்டிமீட்டர்தான். பாறை விளிம்பிலிருந்து வழியும் மழைநீரைச் சிற்றணை கட்டி மடக்கி, வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு விட்டிருக்கிறார்கள். சோளம், பீன்ஸ், பூசணி. இந்த வறண்ட ஊரில் கொக்கோ குடித்தவர்களும் இருந்தார்கள். பியூப்லோ பொனிட்டோவில் கிடைத்த உருளைச் சாடிகளின் ஓடுகளில் கொக்கோவின் தடம் இருப்பதை பட்ரீசியா க்ரௌன் 2009-ல் வெளியிட்டார். கொக்கோ விளையும் மண் தெற்கே சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே தெற்கிலிருந்து செந்நிற மக்காவ் கிளிகளும் வந்திருக்கின்றன.

காலில் தெம்பு இருந்தால் பாறைப் பிளவு வழியே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பியூப்லோ பொனிட்டோவின் முழு அரைவட்டமும் அங்கிருந்துதான் தெரியும். ஒரு பக்கத்தில் பெரும்பாறை சரிந்து கிடப்பதும் தெரியும். 1941 ஜனவரியில் விழுந்து சுமார் முப்பது அறைகளை நொறுக்கிய பாறை அது. என்றாவது விழும் என்று கட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதன் அடியில் முட்டுச்சுவர் கட்டி வைத்திருந்தார்கள்.

இதே முன்னோர்களின் இன்னொரு இடமான கொலராடோவின் மேசா வெர்டேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. குகை விளிம்புக்குள் ஒளிந்த க்ளிஃப் பேலஸ் படத்தில் இன்னும் அழகு. சுமார் 150 அறைகள். பலரும் அதைக் கோட்டை என்று நினைக்கிறார்கள். தென்மேற்கு நோக்கிய அந்தக் குடைவுக்குள் குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் நுழையும், கோடையின் உச்சி வெயிலைப் பாறை மறைக்கும். இத்தகைய குடைவுகள் பலவற்றின் பின்சுவரில் நீரும் கசியும். சூரியன் எங்கே, தண்ணீர் எங்கே என்று அங்கேயும் கேளுங்கள்.

1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சி. அதையும் மரவளையம்தான் சொல்கிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மேசா வெர்டே காலியானது. 'மர்மமாக மறைந்த இனம்' என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். மறையவில்லை, இடம் மாறினார்கள். நியூ மெக்சிகோவில் இன்று 19 பியூப்லோ சமூகங்களும், அரிசோனாவில் ஹோப்பி மக்களும் இருக்கிறார்கள். பாறை மேட்டின் மேல் இருக்கும் அகோமா ஊரில் இன்றும் குடியிருப்பு உண்டு. சாக்கோ அவர்களுக்கு முன்னோர் ஊர். 2023-ல் சாக்கோ பூங்காவைச் சுற்றி 10 மைலுக்குப் புதிய எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளை 20 ஆண்டுகளுக்கு நிறுத்தி உத்தரவிட்ட அப்போதைய உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட், லகூனா பியூப்லோவைச் சேர்ந்தவர். சுற்றிலும் நிலம் வைத்திருக்கும் நவஹோ குடும்பங்கள் பல, தங்கள் வருமானம் போகிறது என்று அதை எதிர்த்தன. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் போனால் அந்த வெற்றுவெளி வேறாகத் தெரியும்.

முதலில் ஆல்புகர்க்கியில் அந்த 19 சமூகங்களும் நடத்தும் இந்தியன் பியூப்லோ கலாச்சார மையத்தைப் பார்த்துவிடுங்கள். ஊர்களுக்குள் போனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாக்கோவில் காலடியில் கறுப்புக்கோடு போட்ட வெள்ளை ஓடு கிடந்தால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம். பூங்காவில் சாப்பாடும் பெட்ரோலும் கிடைக்காது. வடக்கு வழியில் கடைசி 20 கிலோமீட்டர் மோசமான மண்பாதை. மழை பெய்திருந்தால் கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.