883-க்குள் ஒரு 1200

ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் 883 பைக்குக்கும் அதன் அண்ணன் 1200-க்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றுதான், 96.8 மி.மீ. வித்தியாசம் சிலிண்டர் விட்டத்தில். 76.2 மி.மீ. துளையை 88.9 வரை குடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் தம்பி அண்ணனாகிவிடுவான்.

எனக்குப் பிடித்தது அந்தக் குடையும் விதம். கனத்த தகடு ஒன்றைச் சிலிண்டர் மேல் வைத்து, ஹெட்டை முடுக்குவது போலவே போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். போல்ட் இறுகினால் வட்டம் மயிரிழை கோணும். அந்தக் கோணலோடு வைத்தே வட்டமாகக் குடைந்துவிடுவது! கடைசியில் ஹோனிங் கல், எண்ணெய் தங்குவதற்காகச் சுவரெங்கும் சாய்வாகப் பின்னிய நுண்கோடுகளை இழுக்கும்.

பழைய ஹெட்டையே வைத்தால் குழிந்த பிஸ்டன் வேண்டும்; இல்லையென்றால் கம்ப்ரஷன் எகிறி எஞ்சின் தட்டும். கார்புரேட்டர் உள்ள வண்டியென்றால் அதன் ஜெட்டையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் செய்யாமல் சைலன்சரை மட்டும் கழற்றி எறிகிறவருக்குச் சத்தம்தான் மிச்சம்.