தொன்மையும் விருந்தும்: புதுக்கோட்டை நாட்டிசை குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துத் ‘தொன்மை’, ‘விருந்து’ என்னும் இரண்டனையும் ஒரே நிரலில் வைத்து எண்ணுகின்றார். பழையதைப் பொருளாகக் கொள்வதும் வனப்பே. புதுவதாகப் புனைவதும் வனப்பே. ஊர்வழக்கு மொழியில், தேடி அறிய வேண்டாது பொருள் விளங்க அமையும் ‘புலன்’ என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால், இக்காலத்து அடிக்கடி எழும் ஒரு வினாவிற்கு விடை காணலாம். மேடைக்கும் திரைப்படத்திற்கும் சென்ற நாட்டுப்பாடல் தன் மரபை இழந்ததா, வளர்த்ததா என்பதே அவ்வினா. புதுக்கோட்டை மாவட்டத்து இசைச் செய்திகள் இரண்டனைச் சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்சான்று கஞ்சிரா. அது பசனைக் குழுக்களில் ஒரு கையால் ஏந்தி மறு கையால் தட்டப்பெற்ற எளிய தோற்கருவி. மரத்தாலான சிறு வளையமும், உடும்புத் தோலும், வளையத்தின் பிளவில் கோத்த காசுகளுமே அதன் உறுப்புகள். அதனை மிருதங்கத்தோடு ஒப்பக் கச்சேரி மேடையில் அமர்த்திய பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு (1859-1922) உரியது. தவில் மரபின் தாளக் கணக்குகளை அவர் அச்சிறு கருவியில் ஏற்றினார். அவர்தம் மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளையாலும், பின்னர்ப் பழனி சுப்பிரமணிய பிள்ளையாலும் (1908-1962) அவ்வழி ‘புதுக்கோட்டைப் பாணி’ என நிலைபெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காத்தமையின், இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அதில் இடம்பெறுகின்றன. இடம் மாறிற்று, கணக்கு மாறிற்று, தோலும் மாறிற்று. ஆயினும் அது கஞ்சிரா அன்று என்பார் இலர். ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கி, அவ்வப்போது எழும் பாட்டிற்கு அவ்வப்போதே விடையிறுக்கும் அதன் இயல்பு மாறாமையே காரணம்.

இரண்டாம் சான்று நம் காலத்தது. இம்மாவட்டத்துக் களபம் என்னும் ஊரினரான செந்தில் கணேஷ், 2018இல் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் நாட்டுப்பாடல்களைப் பாடியே முதலிடம் பெற்றார். அவரும் அவர் மனைவி இராஜலட்சுமியும் மேடைகளில் பாடிவந்த ‘சின்ன மச்சான்’ என்னும் பாடல் 2019இல் ‘சார்லி சாப்ளின் 2’ திரைப்படத்தில் இடம்பெற்றது. இத்தகைய பெயர்ச்சியைக் கண்டவிடத்து, மின்கருவிகள் சேர்ந்தன, விரைவு கூடிற்று, ஆகலின் இது நாட்டிசை அன்று என்பாரும் உளர். நாட்டிசை ஊரை விட்டு உலகை அடைந்தது, இதனினும் வளர்ச்சி வேறு யாது என்பாரும் உளர். இருசாராரும் புறத்தையே நோக்குகின்றனர் என்பது நம் கருத்து. கருவியை மட்டும் கொண்டு மரபை அளப்பதாயின், கஞ்சிராவை முதற்கண் விலக்க வேண்டியிருக்கும்.

நாட்டுப்பாடலின் உயிர்நிலை எங்குள்ளது? தாலாட்டினை நோக்குவோம். தாய்மாமன் கொணரும் சீர்வரிசையைக் கூறும் பகுதி அதில் மரபாக வருவது. எச்சீர், எவ்வூர், எம்மாமன் என்பதோ பாடுவாள் நிரப்ப வேண்டிய இடம். ஒப்பாரியில் இறந்தாரின் முறைப்பெயர் அவ்வாறே புகும். நடவுப்பாட்டில் முன்னத்தி பாட, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். அன்றைய வெயிலும் வரப்பில் நிற்பாரும் பாட்டினுள் வருவர். அச்சு தொன்மை, நிரப்புவது விருந்து, நிரப்பும் மொழி புலன். இம்மூன்றும் கூடியதே நாட்டுப்பாடல். ஆகவே மாறுதல் அதற்குப் புறத்தே நேரும் பழுது அன்று. அதன் இலக்கணத்துள்ளேயே உள்ளது.

இங்ஙனம் கொள்ளின், திரைப்பதிவில் நாம் அஞ்சத்தக்கது புதுமை அன்று, உறைவே ஆகும். பதிவில் நிரப்பும் இடம் மூடப்படுகின்றது. ஊர்த் திருவிழா மேடையில் அவ்வூர்ப் பெயரைச் சேர்த்தும், கூட்டத்தின் குரலுக்கு ஏற்ப நீட்டியும் குறுக்கியும் பாடத்தக்க பாட்டு, பதிவில் ஒரே சொல்லும் ஒரே அளவும் உடையதாகி விடுகின்றது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டின் பிரிஸ்டல் நகரில் 1927இல் மலைநாட்டுப் பாடகர்களின் பாடல்கள் இசைத்தட்டில் பதியப்பெற்றபோது, ஏறத்தாழ மூன்று நிமிடம் என்னும் தட்டின் அளவே பாட்டின் அளவாயிற்று.

இக்குற்றத்தைத் திரைப்படத்தின் மேல் மட்டும் ஏற்றுதல் நேர்மையன்று. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) முதலிய தொகுப்புகள் இத்துறைக்கு அடிப்படை. அவையின்றேல் பல பாடல்கள் நமக்குக் கிட்டியிரா. எனினும் அச்சேறிய வடிவையே திருத்தமான பாடம் எனக் கொண்டு, ஊரில் கேட்ட வேறுபாட்டைப் பிழையென ஒதுக்கும் ஆராய்ச்சியாளரும் அவ்வுறைவிற்குத் துணைபுரிகின்றனர். ஏட்டுச்சுவடிக்கு மூலபாடம் தேடுதல் முறை. வாய்மொழிக்கு அது பொருந்தாது.

இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்து, ஊசல், வள்ளை ஆகிய மகளிர் பாட்டுகளின் அச்சினை எடுத்து, மூவேந்தர் புகழை அவற்றுள் நிரப்பினார். அவரும் எழுத்தில் நிறுத்தினாரன்றோ எனின், நிறுத்தினார். ஆனால் உரலும் உலக்கையும் இருந்த வரை ஊரார் தம் வள்ளையைத் தாமே பாடினர். காப்பியம் அதனை அடைக்கவில்லை. அரவை ஆலை வந்து உலக்கை ஓய்ந்தபோதே பாட்டும் ஓய்ந்தது. தொழில் நீங்கிய இடத்தில் பாட்டு வாழ வேண்டுமாயின், வேறொரு களம் அதற்கு வேண்டும். மேடை அக்களமாகலாம், ஆதலின் மேடையைப் பழித்தல் பொருந்தாது.

எனவே ஒரு பாடல் மரபைப் போற்றுகின்றதா என ஆராய்வார், அதன் கருவியையும் உடையையும் கேளாது, அதில் இன்னும் ஒருவர் தம் ஊரையும் உறவையும் வைத்துப் பாட இடமுண்டா என வினவுதல் வேண்டும். இளம் ஆய்வாளர்கள் ஒரு பாட்டிற்கு ஒரு வடிவம் என்று அமையாது, ஒரே பாட்டை நடவிலும் மேடையிலும் பதிவிலும் கேட்டு, பாடுவார், இடம், நாள் ஆகியவற்றோடு வேறுபாடுகள் அனைத்தையும் குறித்தல் நன்று. திரைப்பாட்டைக் கேட்ட பேர்த்தி, பாட்டியின் பாட்டைத் தவறென்று திருத்தும் நாள் வருமுன் அப்பணி நிகழ்தல் வேண்டும்.